மைனஸ் ஒன்பதாயிரத்துச் சொச்சம்

முதல் ஓட்டத்தில்
ஆறு பின்னோக்கிப் பாய்ந்தது.
கடல் மலையேறிற்று என்று சொல்லியிருக்கலாம்,
லாத்வியாவில் மலைக்கு எங்கே போவது.
ரீகா வளைகுடா மொத்தமும் ஊர்ந்து வந்து
பௌஸ்கா பாலத்தடியில் நின்றது, திரையில்.

விஸ்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
அளக்காத நாளுக்கெல்லாம் யாரோ
மைனஸ் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது
என்று போட்டு வைத்திருக்கிறார்கள்,
எந்த ஆற்றுக்கும் வாய்க்காத எண் என்று நம்பி.
அந்த நம்பிக்கையைக் கணினியிடம் யாரும் சொல்லவில்லை.
விநாடிக்கு இத்தனை கனமீட்டர், எதிர்த்திசையில்
என்று அது எடுத்துக்கொண்டது.

அழித்தாள். இரண்டாம் ஓட்டம்.
இப்போது ஆறே இல்லை.
மேமெலேயில் ஒரு நாள் வெறுமையாய்க் கிடக்க
‘எண் அல்ல’ என்றது நிரல்.
எண் அல்லாததோடு எதைக் கூட்டினாலும்
எண் அல்ல.
நீரில் விட்ட மைத்துளியாய் அது இறங்கி
மூசா வந்து சேரும் இடத்தில்
மூசாவையும் கெடுத்து
யெல்கவாவைத் தாண்டி முகத்துவாரம் வரை
எண் அல்ல எண் அல்ல எண் அல்ல

தசமத்துக்குக் காற்புள்ளி வைக்கிற நாடு.
புள்ளிதான் வேண்டும் என்கிற நிரல்.
அதைச் சரிசெய்தாள்.
பிப்ரவரி இருபத்தொன்பது
மழைக் கோப்பில் உண்டு, ஆற்றுக் கோப்பில் இல்லை;
அன்றுமுதல் ஆறு
மழைக்கு முந்தின நாளே பெருகிக்கொண்டிருந்தது,
ஜோசியம் தெரிந்தாற்போல.
அதையும்.

மிச்சம் ஒன்பது நாள்.
மார்ச் பதினொன்றிலிருந்து பத்தொன்பது.

“சுழி போட்டுவிட்டுக் கிளம்பு” என்றான்
பக்கத்து மேசை இல்க்வார்ஸ், கோட்டை மாட்டியபடி.
அவன் பேருந்துக்கு ஏழு நிமிடம்.

ஆற்றில் விழும் சுழி வேறு,
ஏட்டில் விழும் சுழி வேறு.
ஏட்டில் சுழி என்றால்
யாரோ போனார்கள், பார்த்தார்கள், நீர் இல்லை.
வெற்றுக் கட்டம் என்றால்
நீர் இருந்தது,
நாம் இல்லை.

பத்தாம் தேதிக்கும் இருபதாம் தேதிக்கும்
ஒரு நேர்கோடு இழுத்துப் பார்த்தாள்.
ஓடியது. ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை.
ஆற்றின் மாதிரி இப்போது
ஆறு மாதிரியே இருந்தது,
சவரம் செய்த கன்னம்போல ஒரு மார்ச்.
அதுதான் அவளை உறுத்தியது.

அளவுநிலையத்து ஸ்கைத்ரீதேவைத் தொலைபேசியில் பிடித்தாள்.
குறிப்பேட்டின் படம் வந்தது,
ஓரத்தில் கட்டைவிரலோடு:

*11. காலை ஏழு மணி. பனி உடைந்துவிட்டது.
கீழ் வளைவில் பாளங்கள் அடைத்துக்கொண்டன.
அளவுகோலைக் காணோம்.
அது நட்டிருந்த கரையையும் காணோம்.
தண்ணீர் எங்கள் நீராவிக் குடிலின் மூன்றாம் படியில்.
எதைப் பார்த்து எண் எழுத?
தேனீப் பெட்டிகளை மேட்டுக்கு ஏற்றப் போகிறேன்.*

பிறகு எட்டு நாள் வெள்ளைத் தாள்.
இருபதாம் தேதி வேறு பேனாவில் ஒரு எண்.

படிவத்தில் வாக்கியத்துக்கு இடம் கிடையாது.
தட்டச்சியவருக்கு இருந்தது
நான்கு ஒன்பதுகளும் ஒரு கழித்தல் குறியும்.

நேர்கோட்டை அழித்தாள்.
வெறுமையைத் தாண்டிப் போக
நிரலுக்கு மூன்று வரி எழுதிக் கொடுத்தாள்.
அடைபட்ட நீரின் உயரத்தை வைத்து
ஓட்டத்தைக் கணிக்க முடியாது என்று
அவளுக்கு நன்றாகத் தெரியும்.
தெரிந்தும் கேட்டாள்:
“அந்த மூன்றாம் படி
தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர்?”

“இருங்கள், டார்ச்சை எடுத்துக்கொள்கிறேன்.”

கதவு. காலணி. ஒரு நாயின் குரல்.
நாடாவை இழுக்கும் சத்தம் கேட்கும்வரை
காதோடு வைத்துக் காத்திருந்தாள்.
பதினொன்றாம் தேதியின் கட்டத்துக்குள்
ஒரு சிறு செங்குத்துக் கோடு
தோன்றி மறைந்துகொண்டிருந்தது.