மிதிபலகை

காலை ஐந்தே முக்கால், மஸ்கெலியா பஸ்.
நோர்வூட் தாண்டும்வரை மிதிபலகைதான் எனக்கு.
தோள்பையில் அளவு நாடா, சிவப்புப் பெயின்ட் டப்பா,
முப்பதாம் பக்கத்தில் நின்றுபோன கணிதப் புத்தகம்.
"உள்ள போ, உள்ள எடம் இருக்கு" என்கிறார் கண்டக்டர்.
ஒரு வட்டத்துக்குள் முடிவில்லாத வெளி அடங்கும்,
விளிம்பை நெருங்க நெருங்க அடி சிறுக்கும்,
போய்ச் சேரவே முடியாது என்கிறது புத்தகமும்.

ஆயிரத்து எண்ணூற்று எண்பதில்
பிரான்சில் ஒருவர் குதிரை பஸ்ஸில் ஏறக் காலை வைத்தாராம்.
நாள்கணக்காய் அவரைப் படுத்திய சார்புகளும்
யூக்ளிட் ஒப்பாத அந்த வடிவியலும்
ஒன்றேதான் என்று
பாதம் பலகையில் பட்டதும் தெரிந்ததாம்.
சரிபார்க்கவில்லை.
உட்கார்ந்து, விட்ட பேச்சைத் தொடர்ந்தாராம்.

அவருக்கு உட்கார இடம் இருந்திருக்கிறது.

அந்தக் காலத்தில் இங்கே
கோப்பி இலையில் துரு.
எங்கள் ஆட்கள் கட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்
தேயிலைக்கு.

யூக்ளிட் சமவெளிக்காரர்.
பத்தாம் நம்பர் மலை சேணம் போல் வளைந்தது.
கானோரம் அடுத்தடுத்து நிரை பிடித்த
புஷ்பலீலாவும் மரியபாக்கியமும்
ஆளுக்கொரு நேராய்த்தான் ஏறுகிறார்கள்;
பாதி மலையில்
ஒருத்தி பேச்சு மற்றவளுக்குக் கேட்கவில்லை.

நகர்த்தினாலும் திருப்பினாலும்
மதிப்பு மாறாத சார்பு: முப்பதாம் பக்கம்.
பன்னிரண்டு காம்பரா லயம்.
மூன்றிலிருந்து நான்குக்குப் போனால்
அதே கதவு, அதே அடுப்பு, சுவரில் அதே ஈரம்.
மேற்கணக்கு, கீழ்க்கணக்கு, எங்கே மாற்றிப் போட்டாலும்
பிடித்தம் போக மிஞ்சுவது அதே தொகை.
கணக்கு என்றால் எங்களுக்கு முதலில் இடம்,
பிறகுதான் எண்.

இன்று ஏழு பேர்ச் அளக்கிறோம், மரியபாக்கியத்துக்கு.
நாடாவைச் சரிவில் படுக்கவிடாதே,
மட்டமாய்ப் பிடி என்கிறார் சர்வேயர் விஜேகோன்.
உச்சி வெயிலில் மலை காலடியில் போடும் நிழல்தான்
உறுதியில் நிலம்.
"மிச்சம்?" என்றேன்.
"சட்டம் தட்டை" என்று சிரித்தார்.

நாலு மூலைக்கும் ஆப்பு அடித்துச் சிவப்புப் பூசினேன்.
கூடையை இறக்கிவிட்டு வந்தாள் அவள்.
"இது நடந்து அளந்ததா, படத்துல அளந்ததா?"

"படத்துல."

ஒன்றும் சொல்லவில்லை.
செருப்பைக் கழற்றி
முதல் ஆப்பில் குதிகாலைச் சேர்த்து வைத்தாள்.
ஒன்று.