ஓரடி குறைவு

செவ்வாய் ராத்திரி எட்டரைக்கு
ஐஸ் கம்பெனி மாடியைத் திறந்து வைப்பேன்.
சாவி என்னிடம், கணக்கும் என்னிடம்.
கடலூர் முதுநகரில், உப்பனாற்றைப் பார்த்த ஜன்னல்.
கீழே விசைப்படகுகளுக்கு ஐஸ் பார் உடைக்கும் இயந்திரம்.
அது நின்றபிறகு சுருதி சேர்க்கலாம் என்று
முதல் வருடம் காத்திருந்தோம்.

தனகோட்டி மின்வாரியத்தில் ரீடிங் எடுப்பவர்.
பகலெல்லாம் வண்ணாரப்பாளையத்து மீட்டர்கள்,
ராத்திரி முதுகில் பாஞ்சோ.
ஒருமுறை போலீஸ் நிறுத்தி,
"என்னய்யா இது, தவிலா?"
"அமெரிக்காத் தவில் சார்" என்று தப்பித்தார்.
ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கு பூட்டிக் கொண்டுபோனவர்கள்
ஞாபகத்தில் கொண்டுபோய் அங்கே செய்த வாத்தியம் அது என்று விளக்க
பச்சை விளக்கு இடம் தரவில்லை.

வேதவல்லி கச்சேரிகளில் பக்கவாத்தியம்.
தரையில் சம்மணமிட்டு,
வயலின் தலையை வலது கணுக்காலில் ஊன்றியே வாசிப்பாள்.
நான் நாற்காலியில், ஃபிடிலை நெஞ்சில் சாய்த்து.
அப்பலாச்சிய மலைக்காரர்கள்
சில மெட்டுகளுக்குக் கம்பியை மாற்றி முறுக்குவார்கள்,
அப்படி முறுக்கு என்றேன் முதல் நாள்.
அவள் பிரடையைத் தொடவே இல்லை.
"ஸ ப ஸ ப. எப்பவும் இப்படித்தானே இருக்கு?"

கமகம் மட்டும் வேண்டாம் என்றோம்.
தும்மலை அடக்குகிறவள் மாதிரி அடக்கினாள்.

எங்களிடம் இருப்பது ஒரு பழைய ஒலிப்பதிவு.
யார் வீட்டுச் சமையலறையோ,
ஐம்பதுகளில் ஏதோ ஒரு மே மாதம்.
வாசித்தவருக்குப் பெயர் எழுதவில்லை,
சுரங்கத் தொழிலாளி, இடது கையில் மூன்று விரல்,
அவ்வளவுதான்.
மெட்டுக்குப் பெயர் உண்டு: மேரி கழுதையை விற்ற நாள்.
எந்த மேரி, என்ன விலை, தெரியாது.
முதல் சுற்று முடிகிற இடத்தில் நாய் குரைக்கும்.
இரண்டாவதில், அதே இடத்தில், யாரோ கரண்டியைப் போடுவார்கள்.
மூன்றாவது சுற்றுதான் சுத்தம்.
அதைக் கேட்டுத்தான் படித்தோம், பதினோரு வருடம்.

போன தையில் ரூத் வந்தாள்.
மேற்கு வர்ஜீனியாவில் நர்ஸ்.
புதுச்சேரியில் சிநேகிதி கல்யாணம் முடிந்து
ஃபிடில் பெட்டியை மடியில் வைத்து பஸ்ஸில் வந்தாள்.
ஆட்டத்துக்கு வாசித்துப் பழகிய கை;
பென்சில் எடுக்க மேலே வந்த லோடுமேன்
போகாமல் நின்றான்.
இரண்டாம் பாதி முடிகிற இடத்தில் அவள் இடறினாள்,
நாங்கள் இடறவில்லை.

"ஒரு அடி எங்கே போச்சு?"

அவளுக்கு எட்டு, எங்களுக்கு ஏழு.
பதிவைப் போட்டோம். ஏழுதான்.
மறுபடி போடச் சொல்லி
காதை ஸ்பீக்கரில் ஒட்டிவைத்துக் கேட்டாள்.
டேப் அறுந்திருக்கிறது.
யாரோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.
நாய்க்கும் கரண்டிக்கும் அடியில்
எட்டாவது அடி பத்திரமாக இருந்திருக்கிறது.

கீழே இயந்திரம் நின்றது அப்போது பார்த்துத்தான்.
தனகோட்டி, யாரும் கேட்காமலே, டீ வாங்கப் போனார்.
எனக்கு ஒரு வருடம் பேரேட்டில்
பத்து ரூபாய் இடித்தது ஞாபகம் வந்தது.
மூன்று நாள் தேடிவிட்டு
'இதர வகை' என்று எழுதி மூடினேன்.

ரூத் எட்டோடு வாசித்துக் காட்டினாள்.
நன்றாகத்தான் இருந்தது, இஸ்திரி போட்ட சட்டையாக.
அவளே பாதியில் நிறுத்தி,
"உங்களுடையதைச் சொல்லிக் கொடுங்கள்" என்றாள்.
அவள் பக்கத்திலும் கோணல் மெட்டுகள் உண்டாம்.
யார் விரல் வழுக்கியதோ, எவன் குடித்திருந்தானோ.
கேட்டால், எங்கள் பள்ளத்தாக்கில் இப்படித்தான் என்பார்களாம்.

ஏழாகவே எடுத்தோம்.
இரண்டு முறை எங்கள் பள்ளத்தில் விழுந்தாள்,
மூன்றாவது முறை தாண்டினாள்.
டீ ஆடை கட்டியது. லோடுமேனைக் கீழே கூப்பிட்டார்கள்,
அவனுக்குக் கேட்கவில்லை.

முடிக்க வேண்டும் என்றால் யாராவது காலைத் தூக்க வேண்டும்,
இந்தச் சுற்றோடு சரி என்று. வேறு விதி கிடையாது.
சம்மணமிட்ட வேதவல்லி
இதுவரை தூக்கியதே இல்லை.
அன்றைக்கு,
வயலின் சாய்ந்திருந்த அதே காலை
வயலினோடு சேர்த்துத் தூக்கினாள்.

சுரம் ஒரு ஆட்டம் ஆடி நின்றது.
கமகம் என்று யாரும் சொல்லவில்லை.