பதினொரு நாள்

கையேட்டின் நான்காம் அத்தியாயம்
ஒரு வாக்கியத்தில் முட்டி நின்றது:
"பிப்ரவரியில், பனிக்கட்டிக்கு அடியில்,
நீர்மட்டம் பொதுவாக அறுபத்திரண்டு சென்டிமீட்டர்."
பொதுவாக என்ற சொல்லிடம் எனக்கு நம்பிக்கையில்லை.
எழுதுகிறவர்கள் தங்களுக்குத் தெரியாததன் மேல்
இழுத்துப் போர்த்தும் கம்பளி அது.

பிஷ்கெக்கில் மூன்று கட்டுரைகள் கிடைத்தன.
மூன்றிலும் அறுபத்திரண்டு.
முதலாவது இரண்டாவதைக் கைகாட்டியது,
இரண்டாவது மூன்றாவதை.
மூன்றாவது 'களப் பதிவேடு' என்று முணுமுணுத்துவிட்டு
அடிக்குறிப்புக்குள் புகுந்துகொண்டது.

ஆகவே ஒன்பது மணிநேரம் மார்ஷ்ருத்கா வண்டியில்,
மடியில் யாருடைய மாவு மூட்டையோ.
நாரின் கடந்து, தார் முடிந்து,
டயரின் தடமும் முடிந்த இடத்தில்
நாற்பத்து மூன்றாம் நிலையம்:
ஒரு குடில், ஒரு அளவுகோல், ஷர்ஷென்பெக்.

பதினேழு கேள்விகள் எழுதிக்கொண்டு போயிருந்தேன்.
இரண்டாவதற்கு நான்குமுறை பதில் சொன்னார்,
மற்றவற்றுக்குத் தேநீர் ஊற்றினார்.
ஒலிப்பதிவுக் கருவி குளிரில் செத்தது.
பென்சில் சாகவில்லை.

"நடக்கலாம் என்றால், பனி எவ்வளவு கனம் இருக்க வேண்டும்?"
"குதிரை யோசிக்காமல் கால் வைக்கும் கனம்."
ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டு
குதிரை கால் வைத்த இடத்தில் துளை போட்டோம்.
இருபத்தேழு சென்டிமீட்டர்.
இரண்டையும் எழுதினேன்.
அச்சில் ஒன்றுதான் வரும் என்று
எழுதும்போதே தெரிந்தது.

பிறகு பதிவேடுகள். பச்சை மெழுகுத்துணி அட்டை,
ஆண்டுக்கு ஒன்று, கொஞ்சம் எலி தின்றது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று, பிப்ரவரி,
ஒன்பதாம் தேதி முதல் பத்தொன்பது வரை:
அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு.
எண்ணை அல்ல, எழுத்தைப் பார்த்தேன்.
மற்ற நாட்களில் எல்லாம் ஆறு நடுங்குகிறது,
இரண்டின் வால் கையுறையில் இடறுகிறது.
இந்தப் பதினொரு நாளும்
பள்ளிப் பிள்ளையின் வாய்ப்பாடு போல் அழகு.
அடுப்பருகே எழுதிய எண்கள்.

நான் கேட்கவில்லை. விரலை மட்டும்
அந்த வரிசையில் வைத்தேன்.
வெகுநேரம் அடுப்பில் சாணி வறட்டி சரிந்தது.

"மூன்று மாதம் சம்பளம் இல்லை," என்றார்.
"யாரிடம் கேட்பது? சம்பளம் கொடுத்த நாடே இல்லை.
பூட்ஸைக் கொடுத்து மாவு வாங்கினேன்.
உறைந்த ஆறுதானே,
எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தேன்.
பன்னிரண்டாம் நாள் மச்சான் தன் பூட்ஸைக் கழற்றித் தந்தான்.
போய்ப் பார்த்தால் நாற்பத்தொன்பது."
பக்கத்தைப் புரட்டினேன்.
இருபதாம் தேதி, நாற்பத்தொன்பது,
ஒன்பதின் கழுத்து குளிரில் ஒடிந்திருந்தது.

"இது உன் புத்தகத்தில் வருமா?"

வரும் என்றும் சொல்லவில்லை,
வராது என்றும் சொல்லவில்லை.
திரும்பும் வழியெல்லாம்
நல்ல வேலை செய்துவிட்ட மகிழ்ச்சி இருந்தது;
அதைப் பற்றிக் கொஞ்சம் வெட்கமும்.

மூன்று ஆசிரியர்களுக்கும் கடிதம் போட்டேன்.
ஒருவர் இறந்துவிட்டார் என்று அவர் மகள் எழுதினாள்.
ஒருவர் "முடிவில் பாதிப்பு மிகக் குறைவு" என்றார்.
மற்றவர் இன்னும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்போலும்.

கையேடு வெளிவந்தது.
பொதுவாக போய்விட்டது, அறுபத்திரண்டும்.
அட்டவணையில் அந்தப் பதினொரு கட்டத்தில் சிறு கோடு;
கீழே, 'அளக்கப்படவில்லை'.
பெயர் இல்லை, காரணம் இல்லை.
குதிரையைப் பதிப்பாசிரியர் எதிர்பார்த்தபடியே வெட்டினார்.

ஆனால் இரண்டாம் பக்கத்தில்,
நிலையத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய கருவிகளில்,
அளவுகோலுக்கும் முன்னால்,
யாரையும் கேட்காமல் சேர்த்த ஒரு வரி
மூன்று சரிபார்ப்பையும் தாண்டி நிற்கிறது:

பூட்ஸ், முழங்கால் உயரம், ஒரு ஜோடி.
நிலையத்தின் சொத்து. விற்பனைக்கு அல்ல.