பதினேழாவது தட்டு

அலுமாரியின் உள்ளகலம் பத்தொன்பதரை அங்குலம்,
ஆழம் இருபத்தாறு.
இரண்டு தரம் அளந்து, போனில் எழுதிக்கொண்டுதான்
வெள்ளவத்தையில் பஸ் ஏறினேன்.

வீட்டில் நாற்பத்தொரு ஹார்ட் டிஸ்க், பிஸ்கட் டின்களில்.
ஒவ்வொன்றிலும் ஒரு கல்யாணம், சிலதில் இரண்டு.
மூடியில் மண்டபம், தேதி, வரவேண்டிய மிச்சக் காசு.
கடற்காற்று தகரத்தைத் தின்னத் தொடங்கிவிட்டது.
போன மார்கழியில் ஒன்று டிக் டிக் என்றது,
பிறகு அதுவும் இல்லை.
கொட்டாஞ்சேனைச் சோடி ஒன்று அதோடு போயிற்று.
அவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை.

மாளிகாவத்தையில் நுஸ்கியின் கடை.
வங்கிகள் கழித்துவிட்ட சர்வர்கள்
அரிசி மூட்டை மாதிரி கூரைவரை.
முதலில் காட்டியது ஒல்லி, ஒரு யூ.
சுவிட்சைப் போட்டான்,
இரத்மலானையில் விமானம் இறங்கியது.
"பழகிடும் மேடம்."
நான் பழகுவேன்.
கீழ்வீட்டு மிசிஸ் பெர்னாண்டோ பழகமாட்டா.

அடுத்தது இரண்டு யூ, பன்னிரண்டு தட்டு,
கீறல்கூட இல்லை.
கை வைத்த பிறகுதான் கேட்டேன்
பின்பலகை எந்தக் காலத்தது என்று.
இரண்டு டெராவுக்கு மேல் கண் தெரியாதாம்.

மூன்றாவதை இழுத்துவர
நுஸ்கிக்கும் சமீரவுக்கும் மூச்சு வாங்கியது.
நாலு யூ. இருபத்துநாலு தட்டு. இரண்டு பவர் சப்ளை.
ஒரு காது வளைந்திருந்தது, ரெயில் இல்லை,
நெற்றியில் வங்கியின் சொத்து இலக்கம்
பாதி உரித்தபடி.
பெரிய காற்றாடிகள், ஆறுதலாகச் சுற்றுபவை.
மூடியைக் கழற்றி முகர்ந்தேன்:
ஏசி அறைத் தூசு. உப்பு இல்லை.
தட்டுத் தட்டாக இழுத்துப் பார்த்தேன்,
மீன் வாங்குகிறவள் செவுளைத் தூக்குவதுபோல.

பதினேழில் ஒரு டிஸ்க் இருந்தது.
வங்கிக்காரர் மறந்தது.
நுஸ்கி கதைக்கவில்லை.
டிரில்லை எடுத்தான்,
என் முன்னாலேயே மூன்று ஓட்டை.
"யார்ட கணக்கோ. நமக்கெதுக்கு."

சோதித்துப் பார்க்கவென்று
நானும் ஒன்று கொண்டுபோயிருந்தேன்.
செருகியதும் பச்சை வெளிச்சம்.
துஷாந்தினியின் கல்யாணம் அது.
மூன்று தடவை போன் எடுத்துச் சொன்னவள்:
அழிச்சுவிடுங்கோ அக்கா, ஒரு கொப்பியும் வேண்டாம்.
மூன்று தடவையும் ஓம் என்றேன்.
மாப்பிள்ளையின் தகப்பன் பிறகு காலமாகிவிட்டார்.
பந்தியில் அப்பளத்தை உடைத்துக்கொண்டு அவர் சிரிக்கிற
பதினொரு செக்கன்
வேறெங்கும் இல்லையென்று அந்த மனுசி சொல்லியிருந்தா.

"வேற ஏதும் இருக்கா மேடம்?"
டிரில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

கொடுத்தேன்.

பதினொரு செக்கனை முதல்நாள் இரவே வெட்டி எடுத்தாயிற்று.
துஷாந்தினி அதில் இல்லை.
ஓரத்தில் ஒரு சேலைத் தலைப்பு வந்து போகும்,
அவ்வளவுதான்.
அதை நீக்கப் பார்த்தேன்.
சிரிப்பும் சேர்ந்து வெட்டுப்பட்டது.

நாற்பத்திரண்டாயிரம் கேட்டான், முப்பத்தாறுக்கு முடிந்தது.
ஓட்டோக் காசு என்னுடையது.
லிஃப்ட் பழுது, மூன்றாம் மாடி,
ஓட்டோக்காரருக்கு இன்னொரு ஐந்நூறு.
மேலே கொண்டுவந்து வைத்த பிறகுதான்
போனைத் திறந்து பார்த்தேன்.
சேசிஸ் இருபத்தெட்டு அங்குலம்.
அலுமாரிக் கதவு இப்போது கட்டிலுக்கு அடியில்.

குசினிவரை கேட்கிறது,
தூரத்து மழை மாதிரி ஒரு சத்தம்.
கரண்ட் பில் வரட்டும், பார்க்கலாம்.
பெரிய டிஸ்க் எட்டு தவணைக்கு எடுத்திருக்கிறேன்.
டின்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன,
ஒன்றில் ஏற்கெனவே செத்தல் மிளகாய்.
புது ஏசியா என்று படியில் மறித்துக் கேட்டா
மிசிஸ் பெர்னாண்டோ.
ஓம் என்றேன்.

பதினேழாம் தட்டில் ஒன்றும் போடவில்லை.
கொக்கி உடைந்திருக்கிறது.
அதுதான் காரணம்.