அறுபத்திரண்டு கிலோமீற்றர், சும்மா

குருமண்வெளித் துறையில் ஐந்தரை மணி.
இரும்புத் தட்டும் எஞ்சினுமாய்
வாவியைக் கடக்கும் அந்த மிதப்புக்கு
இங்கே பெயர் பாதை.
"பாதை வருது" என்பார்கள்.
"பாதை பழுது, நாளைக்குத்தான்" என்பார்கள்.

மூன்று சைக்கிள்.
ஜெஸீலுடையது கொம்பு வளைந்தது, தடித்த ரயர்,
மருதமுனையிலிருந்து இருட்டோடு மிதித்து வந்திருந்தான்.
நிதர்சனாவுடையது
அண்ணன் கட்டாருக்குப் போகும்போது விட்டுப்போன மலைச் சைக்கிள்.
மலை கண்டதில்லை.
என்னுடையது பழைய லுமாலா.
முன்கூடையைக் கழற்றியிருந்தேன், அவ்வளவுதான் ஆயத்தம்.

ஜெஸீல் இரவிரவாய் போனில் பிரான்ஸ் பார்ப்பவன்.
மேடு, பள்ளம், திராட்சைத் தோட்டம், மறுபடி மேடு,
வெள்ளைக் கிறவல் வழி ஒன்று
அவிழ்த்துப்போட்ட நாடாபோல் ஏறி இறங்கும்.
"நமக்கிட்ட ஒரு ஏத்தம் இல்லியே" என்பான்,
யாரோ எடுத்து ஒளித்துவிட்டதுபோல்.

மண்டூரில் இறங்கி
வெல்லாவெளி தாண்டக் காபட் முடிந்தது.
செங்கிறவல் தொடங்கியது.
டிப்பர்கள் உழுதுவிட்ட அலையலையான தரை,
பல்லுக்குப் பல் தட்டியது.
யானை வேலிக் கம்பி டிக், டிக் என்றது.
நடு றோட்டில் லத்தி.
ஜெஸீல் குச்சியால் கிளறிப் பார்த்து
"நேத்தையது" என்றான்.
எப்படித் தெரியும் என்று நாங்கள் கேட்கவில்லை.
அவன் போன் திருத்துகிற பெடியன்.

எட்டு மணிக்கே கச்சான் எழும்பிவிட்டது.
மேற்கிலிருந்து,
வெட்டிய வயலின் சூட்டையும் பதரையும் அள்ளி
முகத்தில் எறிந்தது.
மிதி கனத்தது. பேச்சு நின்றது.
நிதர்சனா மூன்றிலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து ஒன்றுக்கு.
எனக்குக் கியர் இல்லை, எழுந்து நின்று மிதித்தேன்.
நீர்மட்டம் வைத்து இழுத்த அந்த வட்டைக்குள்
மூன்று பேரும் மலையேறிக்கொண்டிருந்தோம்.
"கேட்டியே ஏத்தம்" என்றாள் அவள்,
மூச்சைக் கடன் வாங்கி.

நவகிரிப் பக்கம் உடைமுள் குத்தியது எனக்கு.
ரியூப்பை வாய்க்காலில் அமுக்கிக்
குமிழி தேடிக்கொண்டிருக்க
ஒரு டிப்பர் வந்து நின்றது.
சாரதி புண்ணியநாதன், பெயர் கண்ணாடியிலேயே எழுதியிருந்தது.
"இந்தக் கிறவல் நான் ஏத்தினது" என்றார்.
தூரத்தில் கடித்த கொய்யாபோல் ஒரு குன்று நின்றது.
"அதுர மற்றப் பாதிதான் நீங்க ஓடுறது."
மூவரும் காலடியைப் பார்த்தோம்.
படுத்துக் கிடந்தது ஒரு மலை,
பதினொரு கிலோமீற்றர் நீளத்தில்.

"எங்க போறீங்க?"
"சும்மா."
"சும்மாவா?"
"சும்மாதான்."
அவர் அந்தச் சொல்லை வாய்க்குள் போட்டு
ஒரு தரம் உருட்டிப் பார்த்தார்.
இதே கேள்விக்கு
என் அம்மா ஒரு காலம்
துண்டு எழுதிக் கையில் வைத்திருந்தாள்,
வியர்வையில் மை கரையக் கரைய.
போகுமிடம், காரணம், திரும்பும் நேரம்.
புண்ணியநாதனுக்கும் அப்படி ஒரு துண்டு இருந்திருக்கலாம்.
அவர் சொல்லவில்லை.
"நல்லம், போங்க" என்று ஹோன் அடித்தார்,
தேவையில்லாமல், இரண்டு தரம்.

திரும்பும்போது காற்று முதுகில்.
மிதிக்கவே இல்லை.
காற்றின் வேகத்தில் நாமும் போனால்
காற்றே கேட்காது என்று அன்றுதான் அறிந்தேன்.
சங்கிலிச் சத்தம்.
எங்கோ ஒரு மயில்.
நிதர்சனா தனக்குத்தானே எதையோ எண்ணுவது.

மண்டூர்த் துறை. பாதை அக்கரையில்.
ஜெஸீலின் போன் கணக்குச் சொன்னது:
தூரம் அறுபத்திரண்டு.
மொத்த ஏற்றம் பத்தொன்பது மீற்றர்.
"பொய்" என்றான். போனைப் பைக்குள் போட்டான்.

நூறு ரூபாய்க்குக் கச்சான் வாங்கினோம்,
கொறிக்கிற கச்சான்.
உரித்த கோதையெல்லாம் மற்றக் கச்சான்
கையிலிருந்து பறித்து
வாவிமேல் கிழக்கே கொண்டுபோனது,
பாதைக்குக் காத்திராமல்.