இடது கால், ஒன்பதாம் நம்பர்

கதையைத் தொடங்கியது நான்தான்.
பிளாஸ்டர் இறுக அரை மணி ஆகும்,
மட்டக்களப்பு ஆஸ்பத்திரியின் செயற்கைக்கால் அறையில்
மேகராசாவுக்குச் சும்மா இருக்க வராது.

கிரேக்க நாட்டில் ஒரு தாய்
பிள்ளையைத் தலைகீழாய் ஆற்றில் முக்கினாள்.
நீர் பட்ட இடமெல்லாம் சாவு தீண்டாது.
அவள் பிடித்திருந்த குதிகால் மட்டும்
நனையவில்லை.
"அம்பு அங்கதான் பட்டிருக்கும்" என்றார்,
நான் முடிக்குமுன்.

மறுகா அவர் சொன்னது:
எழுபத்தெட்டுச் சூறாவளி, கூரை போன இரவு,
படுவான்கரையில் ஓர் அம்மா
நாலு வயதுப் பையனைக்
காற்றுக்குக் கொடுக்காமல்
ஒற்றைக் குதிகாலில் பிடித்திருந்தாள்
விடியும்வரை.

எந்தக் கால் என்று கேட்கவில்லை.
என் அளவுநாடா
முழங்காலுக்குக் கீழே நாலு விரல்கடை போய்
நின்றுவிட்டிருந்தது.

"இனி அம்பு விடுறவன்
எங்க பார்த்து விடுவான், தம்பி?"
சிரித்த சிரிப்பில் பிளாஸ்டர் வெடித்தது.
திரும்பச் சுற்றினேன்.

போகுமுன்
மேசையில் கிடந்த ரப்பர் குதிகாலைப்
புறங்கையால் தட்டிப் பார்த்தார்.
"வயலுக்குள்ள இறங்கினா
சேறு இழுத்துக்கொண்டு போயிடாதா?"

வார் போட்டுத் தருவேன் என்றேன்.
பிடித்துக்கொள்ளும்.