மொதல்ல உக்காருங்க

தோ பாயோ சமூக மன்றம், மூன்றாம் மாடி.
கீழே பூப்பந்து ஆடுகிறார்கள்,
ஒவ்வோர் அடிக்கும் எங்கள் ராஜா திடுக்கிடுகிறார்.
என் கையில் பழைய நாடகம், நாலு அங்கம்,
ஒளிநகல் எடுத்ததில் பாதிப் புள்ளிகளைக் காணோம்.
"இளையர்களுக்குப் புரியணும், அவ்வளவுதான்"
என்று குழுத்தலைவர் சொல்லிவிட்டு
கார் நிறுத்தக் கட்டணம் ஏறுகிறதென்று போய்விட்டார்.

முதல் அங்கம் ஒரே வாரத்தில் முடிந்தது.
"அடியேன் வந்தனம்" என்பது "வணக்கம் சார்" ஆனது.
"பேதையே, வாய் மூடு" என்பதற்கு
யஷ்வினி ஒரு சொல் சொன்னாள்.
சிரித்தோம், எழுதவில்லை.
ராணி பதினாறு அடியில் நிலவைத் திட்டுவதை
"தூக்கமே வரலடி" என்று
இரண்டே சொல்லில் போட்டேன்.
மிச்சமிருந்த நிலவை
விளக்குக்காரி வெய் லிங்கிடம் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் அங்கத்தில் மாட்டிக்கொண்டேன்.
தூதன் வருகிறான். இளவரசன் இல்லை.
அதைச் சொல்ல நாற்பது அடி, நடுவே இது:

    மாற்றார் படைக்கடல் மத்தெனக் கடைந்தபின்
    ஆற்றா தயர்ந்துநின் அருங்குலக் கொழுந்து
    காற்றில் அவிந்த கைவிளக் கானதே

"கொழுந்துன்னா டீத்தூளா அக்கா?"
"பையன்."
"அப்ப பையன்னே போட்டிருக்கலாம்ல."

போட்டுப் பார்த்தேன்.
உங்க பையன் போய்ட்டான்.
எங்கே, ஜோகூருக்கா?
தவறிட்டார்: அலுவலகச் சுற்றறிக்கை.
இறந்துவிட்டார்: வானொலிச் செய்தி.
செத்துட்டான்: அதைப் பகைவன்தான் சொல்வான்.
ஒரு வாரம், வேலைக்குப் போகும் ரயிலில்,
பீஷான் முதல் ராஃபிள்ஸ் பிளேஸ் வரை
கதவுக் கண்ணாடியிடம் ஒரு சாவைச் சொல்லிப் பழகினேன்.
பக்கத்தில் நின்றவர் வேறு பெட்டிக்குப் போனார்.

தூதனாக நடிப்பவர் ஜெய்லானி.
ஆம்புலன்ஸில் பதினோரு வருஷம்.
ஷிஃப்ட் முடிந்து சீருடையிலேயே ஒத்திகைக்கு வருவார்,
வந்ததும் ஒரு மைலோ, பிறகுதான் வசனம்.
அன்று என் தாளை வாங்கிப் படித்தார்,
நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.
"இதெல்லாம் யாரும் சொல்றதில்ல மேடம்."
"பின்னே?"
"மொதல்ல உக்காருங்கம்போம்.
அதுலயே அவங்களுக்குத் தெரிஞ்சிடும்.
உக்கார மாட்டாங்க."
கீழே யாரோ ஒரு புள்ளிக்குச் சண்டை போட்டார்கள்.

நாற்பது அடியையும் அடித்தேன்.
ஆனால் பாருங்கள், ராஜா ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்,
முதல் அங்கத்திலிருந்தே,
தங்கத்தாள் ஒட்டிய சிம்மாசனத்தில்,
முந்நூறு வெள்ளி.
அவரை எழுப்பி
நாடகம் முழுக்க நிற்கவைத்தேன்.
முடியப்பனுக்கு முழங்கால் வலி, முணுமுணுத்தார்.
நடுமேடையில் சிம்மாசனம் சும்மா கிடந்தது.

அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு சொல்லை நான் தொடவில்லை.
ஐயோ.
வெய் லிங்கின் தாளில் எண்கள், அம்புக்குறிகள்,
காதில் விழுந்தபடி அவளே எழுதிய அந்தச் சொல்,
எதிரே: விளக்கு அணை.
அர்த்தம் சொல்லட்டுமா என்றேன்.
"எங்கம்மா தினம் சொல்றாங்க" என்றாள் ஆங்கிலத்தில்,
பல்பைத் துடைத்துக்கொண்டே.

சனிக்கிழமை, நூற்றிருபது பேர்.
ஜெய்லானி ஓடி வரவில்லை, நடந்து வந்தார்.
"மொதல்ல உக்காருங்க."
ராஜா சிம்மாசனத்தைப் பார்த்தார்.
மூன்றாம் வரிசையில்
ஒரு சிப்ஸ் பொட்டலம் பாதியில் நின்றது.

கருத்துப் படிவங்களை வீட்டில் எண்ணினேன்.
நல்லா புரிஞ்சது: அறுபத்தொன்று.
தமிழைக் கெடுக்கிறீர்கள்: நான்கு,
ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை.
கடைசித் தாளில், பென்சிலில்:
"ராஜா பாவம்.
யாராச்சும் கையப் புடிச்சு
உக்காரவெச்சிருக்கலாம்."